முட்டையிலிருந்து முடிச்சூர் வரை

முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்த கோழிக்குஞ்சு, தீனியும் தண்ணீரும் இல்லாமல் மூன்று நாள் வரை தாக்குப்பிடிக்கும். பொரிவதற்குச் சற்று முன்னால் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை அது தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதுதான் அதன் கட்டுச்சோறு. தாய்க்கோழி அடையில் உட்கார்ந்தால் பன்னிரண்டு முட்டையும் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகிவிடும். முதலில் வந்தது பசியில் சாகாமல் கூடப்பிறந்தவற்றுக்காகத் தாயின் அடிவயிற்றுச் சூட்டில் காத்திருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. குஞ்சு வியாபாரம் மொத்தமும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. காத்திருப்பதற்காக இருந்த நேரத்தை மனிதர்கள் பயண நேரமாக்கிக்கொண்டார்கள்.

தாம்பரத்தில் முதன்முதலாகக் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர் கைக்கு வரும் குஞ்சு பெரும்பாலும் அப்படிப் பயணம் செய்து வந்ததுதான். அவர் அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார், துறுதுறுவென்று இருக்கும் ஒன்றைக் காட்டி ‘இதைக் குடுங்க’ என்கிறார், தேர்ந்தெடுத்துவிட்ட திருப்தியோடு வீடு திரும்புகிறார். ஆனால் அது சேவலா பெட்டையா, முட்டையிடுமா, அடை உட்காருமா என்பதெல்லாம் அவர் கண்ணில் படுவதற்கு வெகுமுன்பே முடிவாகிவிட்டது. ஒரு வாரத்தில் சாகுமா, நாலு வருஷம் இருக்குமா என்பதில் பாதியும் அப்படித்தான். மீதிப் பாதி அவர் வீட்டுக் கூண்டில் இருக்கிறது. ஆகவே, முதல்முறை வளர்ப்பவர் கையில் உண்மையாக இருக்கும் தேர்வுகள் இரண்டே: குஞ்சு எந்த வழியாக வந்தது என்று விசாரிப்பது, அது வருமுன் கூண்டைக் கட்டி முடிப்பது. அந்த வழியைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடரலாம்.

இயந்திரத்தின் அடை

தமிழ்நாட்டில் முட்டைக்கு நாமக்கல், கறிக்குப் பல்லடம் என்று கோழித் தொழில் இரண்டு ஊர்களைச் சுற்றி வளர்ந்தது. நாமக்கல் பண்ணைகளில் வரிசை வரிசையாக நிற்கும் வெள்ளைக் கோழிகள் லெகார்ன் வழி வந்தவை. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போய், அங்கே முட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட இனம். இன்றைய பண்ணைக்கோழி வருஷத்துக்கு 300 முட்டை வரைக்கும், அதற்கு மேலும் இடுகிறது. நம் கிராமத்து நாட்டுக்கோழி நல்லபடியாக வைத்துக்கொண்டாலும் 60, 80 முட்டையோடு நின்றுகொள்ளும்.

அந்த 300 முட்டைக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அடை உட்காரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அதனால் அடை உட்காரும் குணமுள்ளவற்றைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் மிஞ்சியது, முட்டையிடத் தெரிந்த, குஞ்சு பொரிக்கத் தெரியாத கோழி. அதன் தாய்மை ஹேச்சரிக்காரர் கைக்குப் போய்விட்டது.

ஹேச்சரியில் முட்டைகள் 18 நாள் ஒரு இயந்திரத்தில் இருக்கும். சூடு 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டி. தட்டுகள் மணிக்கொரு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். தாய்க்கோழி அலகால் முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடுவது எதற்காகவோ, இதுவும் அதற்காகத்தான்: கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. 18ஆம் நாள் முட்டைகள் வேறொரு இயந்திரத்துக்கு மாறும். அங்கே ஈரப்பதம் கூடுதல், சாய்ப்பது கிடையாது. 21ஆம் நாள் தட்டு நிறைய ஈரக் குஞ்சுகள். கழுத்துத் தோலுக்கடியில் மாரெக்ஸ் நோய்க்கான ஊசி போடப்படுகிறது. இந்த நோய்க்கான பாதுகாப்பைப் பொரிந்த அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். பிறகு வாங்குகிறவர் எவ்வளவு முயன்றாலும் அந்த நாள் திரும்பி வராது.

இரண்டு வரிசை இறகு

அடுத்து நடப்பதுதான் குஞ்சின் தலையெழுத்து. ஒருவர் குஞ்சை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் அதன் இறக்கையை விரிக்கிறார். ஒருநாள் குஞ்சின் இறக்கையில் மெல்லிய ஊசி ஊசியாக இரண்டு வரிசை இறகுக் குருத்துகள் இருக்கும். கீழ்வரிசை நீளமாகவும் மேல்வரிசை குட்டையாகவும் இருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே நீளமாக இருந்தாலோ, மேல்வரிசை நீண்டிருந்தாலோ சேவல். பார்த்து முடிக்க ஓரிரு விநாடி.

இந்த அடையாளம் தானாக அமைந்ததல்ல. வேகமாக இறகு முளைக்கும் சேவலையும் மெதுவாக முளைக்கும் பெட்டையையும் வேண்டுமென்றே சேர்த்தால், பிறக்கும் பெட்டைகள் அப்பனைக் கொள்ளும், சேவல்கள் அம்மாவைக் கொள்ளும். அப்படிச் சேர்க்கப்படாத இனங்களில் இறக்கையைப் பார்த்துப் பயனில்லை. குஞ்சின் ஆசனவாயை லேசாகப் பிதுக்கி, உள்ளே இருக்கும் நுண்ணிய புடைப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 1920களில் ஜப்பானியர்கள் வகுத்துக் கொடுத்த வித்தை அது. பயிற்சி இல்லாதவருக்குக் கைவராது. ஆகவே சந்தையில் குஞ்சைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தோ, தலையின் வடிவத்தைப் பார்த்தோ ‘இது பொட்டைதான்’ என்று அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

முட்டைப் பண்ணைக்குச் சேவலால் உபயோகம் இல்லை. முட்டையிட சேவல் தேவையே இல்லை. முட்டையில் கரு கூடுவதற்கு மட்டுமே அது தேவை. கறிக்கும் ஆகாது, ஏனென்றால் பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் எட்டும் எடைக்கு இந்த இனத்துச் சேவல் மாதக்கணக்கில் தின்ன வேண்டும். பொரியும் குஞ்சில் பாதி இப்படிப் பிறந்த அன்றே வேண்டாதது ஆகிறது. உலகம் முழுக்க இவற்றில் பெரும்பகுதி அன்றே கொல்லப்படுகிறது. 2022 ஜனவரி முதல் ஜெர்மனி இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. முட்டைக்குள் இருக்கும்போதே கருவின் பாலினத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் அங்கே வந்தன. நம் ஊரில் இந்தச் சேவல் குஞ்சுகளில் ஒரு பங்கு சொற்ப விலைக்கு வெளியே போகிறது. அவைதான் சாலையோரத்துக் கலர் குஞ்சுகள்.

பெட்டியும் சாலையும்

குஞ்சுப் பெட்டி எளிமையானது. நாலு அறை, அறைக்கு 25 குஞ்சு, ஆக நூறு. பக்கங்களில் காற்றோட்டத்துக்கு வட்ட ஓட்டைகள். 25 என்பதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. ஒன்றையொன்று ஒட்டி நின்றுதான் சூடு பிடிக்கும். அதற்கு மேல் அடைத்தால் மூலையில் நெரிபட்டுச் சாகும். பெட்டிகளை இடைவெளி விடாமல் அடுக்கினால் நடுவில் இருப்பவை வெந்துபோகும். வெயிலுக்குப் பயந்து வண்டிகள் பெரும்பாலும் இரவில் புறப்படும். நாமக்கல்லிலிருந்து சேலம், உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், செங்கல்பட்டு என்று ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, விடியும்போது வண்டலூரைத் தாண்டும். மூன்று நாள் கெடுவில் ஒரு நாள் அதற்குள் கழிந்துவிடும்.

பெட்டைக் குஞ்சின் பெட்டி பண்ணைக்குப் போகும். சேவல் குஞ்சின் பெட்டி சாயத்துக்குப் போகும். அகலமான பேசினில் சாயத் தண்ணீர், அதில் குஞ்சுகளை முக்கி எடுத்து வெயிலில் விடுவார்கள். பச்சை, ரோஸ், நீலம், ஆரஞ்சு. குழந்தைகள் மயங்கி நிற்பது நிறத்துக்கு. குஞ்சைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். காய்ந்த பஞ்சுமுடிக்குள் தேங்கும் காற்றுதான் குஞ்சுக்குப் போர்வை. நனைந்தால் அந்தப் போர்வை போய்விடும். உடம்பு குளிர்ந்தால் செரிமானம் நிற்கும், கழிச்சல் ஒட்டி ஆசனவாய் அடைக்கும், குஞ்சு கண்ணை மூடி ஓரமாகச் சுருண்டு நிற்கும். வாங்கியவர் வீட்டில் ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு’ என்பார்கள். நேற்று வரை அது மஞ்சள் கருவில் ஓடிக்கொண்டிருந்தது. சாயம் எப்படியும் மூன்று நாலு வாரத்தில் புது இறகு முளைத்ததும் உதிர்ந்துவிடும். அதுவரை பிழைத்திருந்தால் உள்ளே இருப்பது வெள்ளைச் சேவல்.

பல்லாவரத்து வெள்ளிக்கிழமை

தாம்பரத்துக்காரருக்குக் கோழி வாங்க மிக நெருங்கிய இடம் பல்லாவரம் சந்தை. பழைய டிரங்க் சாலையில் வெள்ளிதோறும் கூடுவது. பழைய மேசை நாற்காலி, ஓடாத மிக்ஸி, செடித்தொட்டி, மீன்தொட்டி, புறா, நாய்க்குட்டி, கோழி என்று அங்கே கிடைக்காதது குறைவு. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளைத் தாம்பரத்தோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கிய பிறகு, கணக்குப்படி இது தாம்பரத்துக்குள்ளேயே கூடும் சந்தை.

இங்கே பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் போகும்.

“ஏம்பா, இது பொட்டையா சேவலா?”

“எல்லாமே பொட்டதாம்மா. ஆறு மாசத்துல முட்டை வெச்சிரும்.”

“நாட்டுக்கோழியா?”

“சுத்தமான நாட்டுக்கோழிம்மா. ஊர்லேர்ந்து வந்தது.”

விற்பவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டாம். அவருக்கும் தெரியாது. மூன்றாவது, நாலாவது கையாக அவரிடம் வந்திருக்கும். நாட்டுக்கோழிக் குஞ்சைக் கலந்து வளர்த்தால், தாடைச் சதையும் கொண்டையும் சிவக்கத் தொடங்கும் ஆறு, ஏழு வாரம் வரை ஆண் பெண் பிரிப்பது வளர்த்தவருக்கே குழப்பம். ஆகவே முட்டைக்காக வாங்குகிறவர் ஒருநாள் குஞ்சை விட்டுவிட்டு, கொண்டை தெரியத் தொடங்கிய இரண்டு மாதக் குஞ்சைக் கேட்பது புத்திசாலித்தனம். விலை கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் விலையில் பல்பு, கரண்டு, தடுப்பூசி, செத்துப்போன குஞ்சுகள் எல்லாம் அடக்கம்.

கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை சில. கண் திறந்து பளிச்சென்று இருக்க வேண்டும். தொப்புள் மூடியிருக்க வேண்டும். அங்கே ஈரமோ கறுப்புப் பொருக்கோ இருந்தால் பொரிப்பகத்திலேயே கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். ஆசனவாயில் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. விரல்கள் நேராக இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் உடனே புரண்டு எழ வேண்டும்.

காலைப் பார்க்கும்போது ஒரு சங்கதி. லெகார்னின் கால் மஞ்சள். கோழிகளின் முதல் முன்னோர் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் திரியும் சிவப்புக் காட்டுக்கோழி. அதற்குக் கால் மஞ்சளில்லை. 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, மஞ்சள் தோலுக்கான மரபணு வேறொரு பறவையிடமிருந்து வந்தது என்று காட்டியது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் சாம்பல் காட்டுக்கோழி. இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் போய், ஊர் சுற்றி, நாமக்கல் பெட்டியில் ஏறி வரும் குஞ்சின் காலில் இருப்பது தென்னிந்தியக் காட்டின் மிச்சம்.

மாதவரம் வழி

சாலையோரப் பெட்டியைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. சென்னை நந்தனத்தில் இயங்கிய கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இனங்களுக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: நந்தனம் கோழி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழி ஆராய்ச்சி இப்போது மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் நடக்கிறது. நந்தனம் இனங்கள் புழக்கடையில் மேய்ந்து வளர்வதற்கென்றே எடுத்தவை. பார்ப்பதற்கு நாட்டுக்கோழி, முட்டை அதைவிடக் கூடுதல். ஹைதராபாதிலுள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் தந்த வனராஜா, கிராமப்ரியா இரண்டும் இதே நோக்கத்தில் பிறந்தவை. இப்படிப்பட்ட குஞ்சுகளை நினைத்த நாளில் போய் அள்ளிவர முடியாது. முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே ஒரு நன்மை. கூண்டு கட்ட நேரம் கிடைக்கும்.

தாம்பரத்திலிருந்து தெற்கே போனால் பொத்தேரியை ஒட்டிக் காட்டுப்பாக்கம். பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கம் அல்ல, செங்கல்பட்டு மாவட்டத்தது. அதே பல்கலைக்கழகத்தின் கால்நடை அறிவியல் முதுகலை ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கின்றன. கோழி வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள். கூண்டுக்குச் செலவழிக்கும் பணத்துக்கு முன்னால் அங்கே ஒரு நாளைச் செலவழிக்கலாம்.

எதை வாங்குவது என்பதற்கு ஒரே பதில் இல்லை. வீட்டில் தாயும் குஞ்சுமாகக் கோழி திரிய வேண்டும், தானே பெருக வேண்டும் என்றால் சிறுவிடை நாட்டுக்கோழி. அடை உட்காரும், குஞ்சைப் பருந்திடமிருந்து காக்கும், முட்டை மட்டும் குறைவு. தினமும் காலையில் முட்டை வேண்டும் என்றால் நந்தனம், கிராமப்ரியா வகை. கறுப்பாக இருக்கிறதே என்று கடக்நாத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் அந்தக் கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து பெயருக்கே விலை. முதல் கோழியாக அது வேண்டாம். இழப்பு வந்தால் கை கடிக்கும். எந்த இனமானாலும் ஒற்றைக் குஞ்சு வாங்கக் கூடாது. கோழி கூட்டத்தில் வாழும் பிராணி. குறைந்தது மூன்று.

முடிச்சூரில் ஒரு கூண்டு

இனி குஞ்சு வந்து சேரும் இடம். மேற்குத் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இன்னும் தனி வீடும் கொஞ்சம் மண்ணும் மிச்சம். கோழி வளர்க்கத் தோதான இடம்தான். ஆனால் அடையாறு இந்த வழியாகத்தான் போகிறது. 2015 டிசம்பரில் இங்கே வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருக்களில் தண்ணீர் நின்றது. ஆகவே இங்கே கூண்டைப் பற்றிய முதல் கேள்வி எவ்வளவு பெரியது என்பதல்ல. எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயர்த்திக் கால் கொடுங்கள். வெள்ளத்துக்கு மட்டுமல்ல, சாதாரண ஐப்பசி மழையின் ஈரத்துக்கும் அது நல்லது. ஈரத் தரையில் படுத்த குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும்.

இரண்டாவது கேள்வி வலை. சந்தையில் இரண்டு வகை கிடைக்கும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை மலிவு. அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்காது. புறநகரில் கோழிக்கு எதிரி பெருச்சாளி, கீரி, பூனை, தெருநாய். பெருச்சாளி மண்ணைத் தோண்டி வரும். கீரிக்கு ஒரு சிறு சந்து போதும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்தான் இவற்றுக்குப் பதில். பக்கங்களில் மட்டுமல்ல, அடியிலும் அடிக்க வேண்டும். மேயவிடும் தடுப்பை மண்ணில் ஊன்றினால் வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைக்க வேண்டும். கதவுக்குச் சும்மா மாட்டும் கொக்கி போதாது. தாழ்ப்பாள் போட்டுக் கம்பியால் முறுக்குங்கள். மூங்கில் பஞ்சாரம் பகலில் காகத்துக்கும் பருந்துக்கும் எதிராகக் குஞ்சைக் காக்க அருமையானது. இரவில் பெருச்சாளிக்கு அது ஒரு தடையே இல்லை.

மூன்றாவது வெயில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கத்திரியில் மீனம்பாக்கம் வானிலை நிலையம் 40 டிகிரிக்கு மேல் காட்டுவது சகஜம். தகரக் கூரையின் கீழே அதைவிடக் கூடுதல். கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பினாலே உள்ளே வித்தியாசம் தெரியும். கூண்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். மொட்டைமாடியில் வைக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அளவு கடைசியில்தான். இரவு தங்கலுக்குக் கோழிக்கு இரண்டு சதுர அடி. நாலு கோழிக்கு நாலடிக்கு மூன்றடி என்றால் கையை வைத்துச் சுத்தம் செய்யவும் இடம் இருக்கும். உட்கார்ந்து தூங்க ஒரு கழி, கோழிக்கு எட்டு அங்குலம் வீதம். முட்டையிட ஓரடிச் சதுரப் பெட்டி ஒன்று நாலைந்து கோழிக்குப் போதும். கழி பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும்; கோழி உயரமான இடத்தில்தான் தூங்கும், பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி அதிலேயே எச்சம் போடும். ரெடிமேட் இரும்புக் கூண்டு விற்பவர் ‘பத்து கோழி தாராளமா நிக்கும் சார்’ என்பார். நிற்கும். மேய, சிறகடிக்க, ஒன்றிடமிருந்து ஒன்று விலகிப் போக இடம் இருக்காது. நெருக்கத்தில் கோழி ஒன்றையொன்று கொத்தி ரத்தம் எடுக்கும். ரத்தத்தைப் பார்த்ததும் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

பல்பு, சொட்டு, தீனி

ஒருநாள் குஞ்சையே வாங்குவதென்றால் அதற்கு முதல் கூண்டு இதுவல்ல. ஓர் அட்டைப்பெட்டி அல்லது வட்டமாக வளைத்த தகடு, தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி, அதன்மேல் முதல் சில நாளுக்குச் செய்தித்தாள், மேலே தொங்கும் குண்டு பல்பு. முதல் வாரம் பல்புக்குக் கீழே 35 டிகிரி. வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். எல்.இ.டி. பல்பு உதவாது, அதில் சூடு வராது.

வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கீச்சிட்டால் குளிர். பல்பை விட்டு ஓரங்களில் வாயைப் பிளந்து நின்றால் சூடு. ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கமிருந்து காற்று அடிக்கிறது. பெட்டி நெடுகப் பரவி, சில தின்ன, சில குடிக்க, சில காலை நீட்டித் தூங்கினால் சரியான பதம். இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிட்டுப் பல்பின் கயிற்றை ஏற்றவோ இறக்கவோ செய்ய வேண்டும்.

வந்ததும் முதலில் தண்ணீர், கொஞ்சம் வெல்லம் கரைத்து. ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிட்டால் பிறகு அதுவே குடிக்கும். தட்டு ஆழமாக இருந்தால் விழுந்து சாகும். கூழாங்கல் போட்டு வையுங்கள். பிறகு தீனி. குஞ்சுக்கான ஸ்டார்ட்டர் தீவனத்தில் புரதம் 20 சதவீதம் அளவுக்கு இருக்கும். வெறும் நொய்யும் சோறும் போட்டால் கால் வலுவிழந்து குந்திவிடும். கிராமத்தில் பானையில் சாணமும் நனைத்த சாக்கும் வைத்துக் கவிழ்த்து, இரவோடு இரவாகக் கறையான் ஏறவிட்டுக் குஞ்சுக்குக் கொட்டுவார்கள். அதுவும் புரதம்தான். முட்டையிடத் தொடங்கிய கோழிக்குக் கிளிஞ்சல் தூள் தனியாக வேண்டும்; இல்லாவிட்டால் ஓடு தோலாக வரும்.

பெரிய கண்டம் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். 1920களின் இறுதியில் இன்றைய உத்தராகண்டின் அந்த மலையூரில் அடையாளம் காணப்பட்டதால் வந்த பெயர். வந்தால் மருந்து கிடையாது, கூண்டையே காலி செய்துவிடும். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் ஊசி. சொல்ல எளிது. ஆனால் தடுப்பு மருந்துப் புட்டி நூறு, இருநூறு கோழிக்கென்று வருகிறது. குளிரிலேயே இருக்க வேண்டும், கலக்கிய பிறகு ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். நாலு குஞ்சு வைத்திருப்பவர் என்ன செய்வார்? தெருவில் கோழி வளர்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இந்த நோய்க்கு இருவார இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இரண்டு மாதக் குஞ்சை வாங்குவது புத்திசாலித்தனம் என்று மேலே சொன்னதற்கு இந்தத் தடுப்பூசிச் சிக்கல் இன்னொரு காரணம்.

காலத்தையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். தை, மாசியில் குஞ்சு வாங்கினால் மழையும் இல்லை, கத்திரியும் இன்னும் இல்லை. முகாமும் அருகில். ஆவணி, புரட்டாசியில் முதல் முட்டை. வடகிழக்குப் பருவமழை கொட்டத் தொடங்கும்போது கோழி முழு இறகோடு தயாராக இருக்கும். ஐப்பசியில் குஞ்சு வாங்கி, கார்த்திகையில் கரண்டு போய், பல்பு அணைந்து நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கூவத் தொடங்கிய பிறகு

கலர் குஞ்சாக வந்து பிழைத்துவிட்ட வெள்ளைச் சேவலின் பயணம் நாலைந்து மாதத்தில் ஒரு முட்டுச்சந்துக்கு வரும். விடிவதற்கு வெகுமுன்பே அது கூவத் தொடங்கும். சேவலின் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சம் வருமுன்பே அதை எழுப்பிவிடும். இருட்டில் அடைத்து வைத்தாலும் நிற்காது. தனி வீட்டுத் தெருவில் சமாளிக்கலாம். சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ அடுக்குமாடிக்கு நடுவில் என்றால் இரண்டாவது வாரமே பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். கூண்டின் வாடை, எச்சம், ஈ எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்பவர்கள்கூட நாலு மணிக் கூவலைப் பொறுக்க மாட்டார்கள்.

அப்போது மிஞ்சும் வழிகள் குறைவு. ஊரில் உறவினர் வீட்டுக்கு அனுப்புவது, கோயிலுக்கு நேர்ந்துவிடுவது, கறிக்கடை. குழந்தை பெயர் வைத்து வளர்த்திருந்தால் எதுவுமே சுலபமில்லை. பத்து இருபது ரூபாய்க்கு வாங்கியது என்பதால் யோசிக்காமல் வாங்குகிறோம். யோசிக்க வேண்டிய நேரம் வரும்போது அதற்கு விலை வைக்க முடிவதில்லை. முதல்முறை வளர்ப்பவர்களில் பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். கூண்டு மாடியில் துருப்பிடிக்கும். கோழி வளர்ப்பு நமக்குச் சரிப்படாது என்று முடிவு கட்டுவார்கள். சரிப்படாமல் போனது அவர்களுடைய வளர்ப்பல்ல. ஹேச்சரியில் ஒருவர் இறக்கையை விரித்துப் பார்த்து ஒதுக்கியதைத் தெரியாமல் கையில் வாங்கிக்கொண்டதுதான்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை. பிறகு உயரமான, அரை அங்குல வலை போட்ட, நிழலில் நிற்கும் கூண்டு. பிறகு தை மாதம். அதற்கப்புறம் குஞ்சு. வாங்கும்போது மூன்று கேள்வி: எங்கே பொரிந்தது, எத்தனை நாள் ஆயிற்று, என்ன தடுப்பூசி போட்டிருக்கிறது? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் பணத்தைக் கொடுங்கள். வராவிட்டால் வெறுங்கையோடு திரும்புங்கள். கட்டிய கூண்டு இன்னும் ஒரு மாதம் காலியாக நின்றால் யாருக்கும் நட்டமில்லை.